வாவிக்கரை அலுமாரிகள்

மட்டக்களப்புக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் நிலாக் காலத்தில் வாவியின் நடுவே தோணியை நிறுத்திப் பாடும் மீனின் ஓசைக்குச் செவி கொடுக்கவோ, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தத்தில் நீராடவோ போகிறவர்களாக இருப்பார்கள். நான் போனது பழுதுபட்ட அலுமாரிகளைப் பார்ப்பதற்கு. வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூரில், எனக்குப் பெரியம்மா முறையாகிய ஒருவரின் வீட்டில், அவருடைய தாயார் காலத்திலிருந்து நின்றுவரும் இரட்டைக் கதவு அலுமாரியொன்றின் முகப்பில் ஒட்டியிருந்த முதிரை வெனீர், 2011ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துப் பெருவெள்ளத்துக்குப் பின் சிறிது சிறிதாகப் பெயரத் தொடங்கி, இப்போது இடக்கதவின் அடிப்பாகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அடிமரம் தெரிகிறது என்றும், அதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கும்படி பேரப்பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள் என்றும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். பழைய மரத் தளபாடங்களில் எனக்கு இளமை முதலே இருந்துவரும் பற்றை அறிந்தவராகையால், விற்பதா வைத்துக்கொள்வதா என்ற தீர்ப்பையும் என்னிடமே விட்டிருந்தார்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் உதயதேவி ரயில், மாகோவில் வடபாதையைப் பிரிந்து கிழக்கே திரும்பி, கல்லோயாச் சந்தியையும் பொலன்னறுவையையும் கடந்து, மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைத் தாண்டியதும், தேசத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. வெலிக்கந்தை, புனாணை என்று நிலையங்கள் ஒன்றுக்கொன்று தூரமாகி, இருமருங்கிலும் உலர்வலயக் காடு நெருங்கி வருகிறது. பாலை, வீரை, கருங்காலி, முதிரை என்று இந்தக் காடு பெற்று வளர்க்கும் ஜாதி மரங்களின் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம்; அவற்றுள்ளும் முதிரையின் பெயரைச் சொல்லும்போது என் மனம் சற்றே அதிகம் கனிகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதிரை அத்தகைய மரம். உலர்ந்த பின்பும் கன அடிக்கு ஏறத்தாழ 60 இராத்தல் நிறையுள்ள, தண்ணீரில் இட்டால் மிதப்பதற்குத் தயங்குகிற, அறுப்பவனுடைய தோலில் தூள் பட்டால் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிற கடினமான மரம் அது. ஆனால் அதன் முகத்தை இழைத்து மெருகேற்றிவிட்டாலோ, வெளிறிய பொன் நிறத்தின் மேல் ஒளிப்பட்டையும் நிழற்பட்டையுமாக மாறி மாறி ஓடி, பார்க்கிறவன் ஓரடி நகர்ந்தால் தானும் நகர்வதாகத் தோன்றும் ஒரு பிரகாசம் அதில் எழும். மரம் வளர்கையில் அதன் நார் ஒரு காலம் வலப்புறமாகவும் ஒரு காலம் இடப்புறமாகவும் முறுகி வளர்வதே இதற்குக் காரணம். பேராதனையில் மகாவலியின் குறுக்கே 205 அடி நீளமுள்ள ஒற்றை வளைவாக, ஓர் ஆணியும் அறையாமல், முழுவதும் முதிரையாலேயே ஆங்கிலேயர் கட்டிய பாலம் 1833 முதல் 1905 வரை போக்குவரத்தைத் தாங்கி நின்றது. பாலத்துக்கு உதவிய அதே மரத்தை இங்கிலாந்துத் தச்சர்கள் மெல்லிய தகடாக அறுத்து, மேசைகளுக்கும் அலுமாரிகளுக்கும் முகப்பாக ஒட்டினார்கள். பாரம் தாங்குவதிலும் அழகு காட்டுவதிலும் ஒருங்கே முன்னிற்கும் மரங்கள் உலகில் அதிகமில்லை. இன்று அம்மரத்தைக் காட்டிலிருந்து எடுக்க வழியில்லை. 1990ஆம் ஆண்டு முதல் இலங்கையின் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது நிறுத்தப்பட்டுவிட்டது; அது நியாயமான நிறுத்தம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதன் விளைவாக, பழைய முதிரைத் தகட்டுக்கு இணை தேடுகிறவன் காட்டை விட்டுவிட்டுப் பழைய வீடுகளின் வளைகளையும் உடைந்த கட்டில்களையும் நாட வேண்டியவனாகிறான்.

வாழைச்சேனையும் ஏறாவூரும் கழிந்து மட்டக்களப்பில் இறங்கியபோது பிற்பகலாகிவிட்டது. ரயில் இங்கு வந்தது 1928ஆம் ஆண்டில். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், 1628இல், போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தாண்டுகள் கழியுமுன்னே, 1638 மே மாதத்தில், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். கோட்டை கைமாறிய பின்பும், போர்த்துக்கேயரின் வழிவந்த குடும்பங்கள் இவ்வூரை விட்டுப் போகவில்லை. பறங்கியர் என்று இங்கே வழங்கப்படும் அச்சமூகத்தார், கத்தோலிக்க சமயத்தையும், தமிழோடு இருநூறு முந்நூறு ஆண்டுகள் உறவாடிய ஒரு போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் காத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் தச்சுத் தொழிலிலும் இரும்புத் தொழிலிலும் பேர் பெற்று வந்திருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் பொங்கியபோது, டச்பார் என்னும் கடலோரக் குடியிருப்பில் அவர்களுடைய வீடுகளும் உயிர்களும் பெருவாரியாக அழிந்தன. மிஞ்சியவர்கள் உள்நோக்கி நகர்ந்தார்கள். மிஞ்சிய உளிகளும் அவர்களோடு நகர்ந்தன.

நான் தேடிப் போன ஓடாவியார், அதாவது தச்சர், அச்சமூகத்தைச் சேர்ந்த ஒரு முதியவர். கல்லடியின் உட்தெருவொன்றில், தகரக் கூரையின் கீழ், மூன்று புறமும் திறந்த கொட்டிலில் அவருடைய தொழிற்சாலை இருக்கிறது. கல்லடிப் பாலத்தைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஒரு பழைய அலுமாரிக் கதவைக் கிடையாக வைத்து, அதன் முகத்தை நகத்தால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தகடு அடிமரத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ஓசை இறுகி வரும்; விட்டுப்போன இடத்தில் பொள்ளலாக வரும். கண்ணுக்குத் தெரியும் ஊறு கையளவுதான் என்றாலும், காதுக்குத் தெரியும் ஊறு கதவில் பாதி இருக்கும் என்றார். பொள்ளலான இடங்களை வெண்கட்டியால் வளைத்துக் கொண்டே போனார். அவர் முடித்தபோது அக்கதவு தீவுகள் நிறைந்த ஒரு வரைபடமாகிவிட்டது.

இந்தப் பிரதேசத்தில் வெனீர் ஏன் பெயர்கிறது என்பதற்கு அவர் சொன்ன காரணத்தை, புத்தகங்கள் சொல்லும் காரணத்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பலகை, நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. குறுக்குவாக்கில் ஈரத்துக்கு விரிந்து வறட்சிக்குச் சுருங்குகிறது. தென்மேற்குப் பருவக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தையெல்லாம் பொழிந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது கச்சான் காற்றாகி, வைகாசி முதல் ஆவணி வரை வாவிக்கரையை வறுத்தெடுக்கிறது. அதன் பின் கார்த்திகையில் வாடைக் காற்றோடு மாரி பிடித்தால், சுவரும் துணியும் மரமும் தை மாதம் வரை நனைந்தபடியே இருக்கும். ஆண்டுதோறும் இப்படிச் சுருங்கியும் விரிந்தும் உழலும் அடிப்பலகையின் மேல், அதனோடு ஒத்து அசைய மாட்டாத ஒரு மெல்லிய தகடு ஒட்டப்பட்டிருந்தால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் பசைதான் அந்த வழக்கின் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. சில ஆண்டுகள் சுமக்கும். பிறகு ஓரிடத்தில் வெடிக்கும். அங்கே தகடு கொப்பளமாக எழும். அக்கொப்பளத்தைத் துணியால் துடைக்கிற கையோ, பிள்ளையின் விளையாட்டுச் சாமானோ தட்டினால் துண்டு பறந்துவிடும். ஒல்லாந்தர் காலத்துத் தச்சர்கள் இந்த நாட்டுக்கு வந்து கருங்காலியையும் முதிரையையும் பெரும்பாலும் கனப்பலகையாகவே ஆண்டதில் எவ்வளவு விவேகம் இருந்தது என்பதை, ஆர். எல். புரோகியர் அக்காலத் தளபாடங்களைப் பற்றி எழுதிய நூலைப் படித்தவர்களும், கொழும்புப் புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால அரும்பொருட்சாலையைப் பார்த்தவர்களும் அறிவார்கள். வெனீர் முகப்புள்ள அலுமாரிகள் நம் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் பரவியது கடந்த நூற்றாண்டின் முற்பாதியில்தான். ஆயினும் அவற்றைச் செய்தவர்கள் கைதேர்ந்தவர்கள். எழுபது எண்பது ஆண்டுகள் கச்சானையும் வாடையையும் தாங்கி நிற்கும் முகப்புகளே அதற்குப் பிரத்தியட்சமான சாட்சி.

அவர்கள் உபயோகித்த பசை வச்சிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இப்பசையை, ஓடாவியார் இன்றும் ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, வெந்நீரின் சூட்டிலேயே உருக்குகிறார். நேரே நெருப்பில் வைத்தாலோ, கொதிக்க விட்டாலோ அதன் வலிமை போய்விடும். கை தாங்க முடியாத சூட்டுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 60 பாகையில் அதை வைத்திருக்க வேண்டும். வச்சிரத்துக்குத் தண்ணீர் பகை என்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. அதையே அதன் பெருங்குணமாகக் கருதுகிறார் இவர். ஒட்டியதை வெதுவெதுப்பான ஈரத்தால் திரும்பவும் விடுவிக்கலாம். ஆகவே, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் இன்னொரு தச்சன், இவர் செய்த வேலையை மரத்துக்குச் சேதமில்லாமல் பிரித்து, தன் அறிவுக்கு ஏற்றபடி மறுபடியும் செய்யலாம். வீட்டுக்காரர்கள் அவசரத்துக்குப் போத்தலில் விற்கும் வெள்ளைப் பசையை வாங்கிக் கொப்பளத்துக்குள் பிதுக்கிவிடுகிறார்கள். அது உலர்ந்தபின் மரத்தின் துளைகளை அடைத்துக்கொண்டு, வேறெந்தப் பசையையும் ஏற்கவிடாத ஒரு படலமாகிவிடுகிறது. அப்படலத்தைக் கீறிக் கீறி எடுப்பதிலேயே தம்முடைய வேலை நேரத்தில் பாதி போகிறது என்று அவர் சொன்னபோது, அவருடைய குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

துண்டு பறக்காமல் கொப்பளம் மட்டும் எழுந்திருந்தால் வேலை எளிது. நாரின் வழியே கூரிய கத்தியால் ஒரு கீறல். அக்கீறலின் வழியே மெல்லிய தகட்டுக் கத்தியால் சூடான வச்சிரம். மேலே ஈரத் துணி, அதன் மேல் அளவான சூட்டில் இஸ்திரிப் பெட்டி. பிறகு ஒரு தாளை இட்டு, பலகை வைத்து இறுக்கிவிட வேண்டியதுதான். நாரின் குறுக்கே கீறினால் அந்த வடு ஒருகாலும் மறையாது.

துண்டே இல்லாமல் போன இடத்தில்தான் தொழிலின் முழுச் சாமர்த்தியமும் வெளிப்படுகிறது. அனுபவமற்றவர்கள் ஊறுபட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி, சதுரமான துண்டொன்றைப் பதிக்கிறார்கள்; நாருக்குக் குறுக்காக ஓடும் அந்த இரண்டு நேர்கோடுகளும், எத்தனை மெருகேற்றினாலும் கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும். ஓடாவியார் வெட்டும் துண்டு, வாவியில் ஓடும் வள்ளத்தைப்போல இரு முனையும் கூராகி, நாரின் திசையிலேயே நீண்டிருக்கும். புதிய தகட்டைப் பழையதன் மேல் இருத்தி அசையாமல் பிடித்துக்கொண்டு, கத்தியைச் சற்றே உட்சாய்வாகப் பிடித்து, இரண்டையும் ஒரே வெட்டில் ஊடறுப்பதால், குழியும் துண்டும் ஒரே வடிவமாக அமைந்து, இடையில் மயிரிழையும் நுழையாதபடி பொருந்திவிடுகின்றன.

ஆனால் அந்தத் துண்டை எதிலிருந்து வெட்டுவது? நான் போயிருந்த சமயம், அவருடைய கொட்டிலில் பழகிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், நான்கைந்து தகடுகளைக் கதவின் மேல் பரப்பி, நிறம் ஒத்திருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டினான். முதியவர் அதை வாங்கி, அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்தார். சற்று முன் பொன்னாக இருந்த தகடு, கண்ணெதிரே புகையேறியதைப்போல் இருண்டது.

"நிறத்தப் பார்த்து மரம் எடுக்கப் போனா ஏமாந்து போவீங்க, தம்பி," என்றார் என்னைப் பார்த்து. "முதல்ல மினுக்கத்தப் பாருங்க. நிறம் மறுகா வரும்."

நான் அங்கே கற்றுக்கொண்ட பாடங்களில் இதையே தலையாயதாகக் கருதுகிறேன். முதிரை போன்ற மரத்தில் ஒளி விழும்போது, நார் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும் பட்டை ஒரு விதமாகவும், நம்மை விட்டுச் சாய்ந்திருக்கும் பட்டை வேறு விதமாகவும் அதைத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே ஒரே மரத்திலிருந்து, ஒரே வாளால் அறுத்த ஒரே தகடாக இருந்தாலும், தலைகீழாக ஒட்டினால் அந்நியமாகத் தெரியும். நிறம் காலத்தாலும் கைவேலையாலும் வரக்கூடியது. புதிதாக அறுத்த முதிரையின் வெளிறிய மஞ்சள், வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் தேன் நிறமாக முதிரும். காத்திருக்க முடியாதவர்களுக்குத் தேயிலைச் சாயம் இருக்கிறது, அரக்குப் பொலிஷின் செம்மை இருக்கிறது. நாரின் ஓட்டத்தையும் மினுக்கத்தின் திசையையும் கொடுக்கக்கூடிய சாயம் எதுவும் இல்லை. பதிக்கப் போகும் துண்டின் மேல் சிறிது ஸ்பிரிட்டைத் தடவி, பொலிஷ் ஏறிய பின் அது எப்படித் தோன்றும் என்று கணிக்கிறார். அதையும் கொட்டிலின் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்வதில்லை. அலுமாரி எந்த அறையில் நிற்கிறது, யன்னல் அதற்கு எந்தப் பக்கம், வீட்டார் வழக்கமாக எந்த வாசலால் வந்து அதைப் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கதவை அந்தக் கோணத்தில் நிறுத்திப் பார்த்த பின்பே கத்தியை எடுக்கிறார். பொருத்தமான துண்டு சற்று வெளிறியதாக இருப்பதே நல்லது என்பதும் அவருடைய கொள்கை. வெளிறியதைக் கருக்கலாம், கருத்ததை வெளிறச் செய்வது மரத்தைச் சீரழிக்கும்.

கனமும் ஒரு தடைதான். இன்று கடைகளில் கிடைக்கும் வெனீர், யந்திரக் கத்தியால் சீவப்பட்டு அரை மில்லிமீற்றர் அளவிலேயே வருகிறது. வாளால் அறுத்த பழைய தகடுகளோ அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கனமுள்ளவை. மெல்லியதைக் குழிக்குள் ஒட்டிவிட்டு, பழையதை அதன் மட்டத்துக்கு அரத்தாளால் தேய்த்து இறக்குகிறவர்களும் உண்டு. அது பழுதுபார்த்தல் ஆகாது, கதவின் ஆயுளைக் களவாடுவதாகும். இவர் கைவாளால் தாமே தகடு அறுக்கிறார். அதற்கான மரம் கொட்டிலின் பின்புறத்தில் கிடுகு மறைப்புக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. 1978 நவம்பர் 23ஆந் தேதி இரவு இக்கரையைச் சூறையாடிய புயலில் சாய்ந்த வீடுகளின் வளைகள், சுனாமியில் சிதைந்த கட்டில்களின் தலைப்பலகைகள், மூடி மட்டும் மிஞ்சிய பெட்டகங்கள், கை உடைந்த கதிரைகள் ஆகிய எல்லாவற்றிலும் எங்கே, எப்போது கிடைத்தது என்று வெண்கட்டியால் எழுதியிருந்தது. ஒரு நூல் நிலையத்தில் நிற்கும் மரியாதையோடு நான் அங்கே நின்றேன்.

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு மண்டூருக்குப் புறப்பட்டேன். கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் துயிலும் இடத்தைக் கடந்துதான் பேருந்து தெற்கே போகிறது. 1892இல் காரைதீவில் பிறந்து 1947இல் மறைந்த அந்தப் பெருமகன், உலகத்திலிருந்து மறைந்தே போய்விட்ட யாழ்க் கருவிகளின் உருவையும் சுருதியையும், எஞ்சியிருந்த இலக்கியச் சான்றுகளையும் கணித நியாயத்தையும் துணையாகக் கொண்டு மீட்டெடுத்து, தம் வாழ்வின் இறுதி ஆண்டில் யாழ் நூலாக வெளியிட்டார். எஞ்சியதைக் கூர்ந்து நோக்கி இழந்ததை அறியும் அந்தப் பயிற்சிக்கு இந்த மண்ணில் ஒரு மரபு இருக்கிறது என்று நினைத்தபோது, பக்கத்தில் கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த முதியவரை நான் புதிய மதிப்போடு பார்த்தேன்.

காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் என்று ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியும் நெருக்கும் ஒடுங்கிய மணற்கரையிலே ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. சூரியன் எழும் இக்கரை எழுவான்கரை. வாவிக்கு அப்பால், வயல் வெளிகள் விரிந்து, சூரியன் மறையும் கரை படுவான்கரை. களுவாஞ்சிக்குடியில் இறங்கி, குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறினோம். வாவியைக் கடக்க மனிதரையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறார்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் வடக்குத் தெற்காகக் கிடக்கும் இவ்வாவியில், கண்டல் மரங்கள் கரை காக்க, மிதவை அசைந்து செல்லும் அந்தச் சிறு பொழுதில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. அக்கரையில், சின்னக் கதிர்காமம் என்று பக்தர்கள் போற்றும் மண்டூர் முருகன் கோவில்.

பெரியம்மாவின் வீடு, இப்பகுதியின் சம்பிரதாயப்படி, தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு. கிழக்கிலங்கைத் தமிழரிடையே குடி என்னும் பிரிவு தாய்வழியே தொடர்கிறது. மகள் மணமுடிக்கும்போது வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் சிறியதோர் இல்லத்துக்கு ஒதுங்கிக்கொள்வது வழக்கம். மருமகன் வந்து சேர்கிறவன். முக்குவர் சட்டம் என்ற பெயரில் இம்மரபுகளைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டிருக்கிறார். ஆண்கள் வெளியே போய்த் திரும்புகிற இந்த வீடுகளில், அலுமாரி அசையாமல் பெண்களின் வசத்தில் நிற்கிறது. காணி உறுதிகள், பிள்ளைகளின் சாதகங்கள், கூறைச் சேலை, கோவிலுக்கு நேர்ந்து முடிந்த காசு ஆகிய யாவும் அதற்குள்ளே. போர்க்காலத்தில் வீட்டை விட்டு ஓட நேர்ந்தபோதெல்லாம் உறுதிகளை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு, அலுமாரியைப் பூட்டிவிட்டு ஓடியதாகவும், திரும்பி வந்தபோதெல்லாம் அது நின்றதாகவும் பெரியம்மா சொன்னார்.

ஓடாவியார் அதன் முன் நெடுநேரம் பேசாமல் நின்றார். அடிச்சட்டம் பலா, முகப்பு முதிரை. இரண்டு கதவுகளுக்கும் ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்து அறுத்த தகடுகளை எடுத்து, புத்தகத்தின் இரு பக்கங்களாக விரித்து ஒட்டியிருந்ததால், இடக்கதவின் கோலமே வலக்கதவில் எதிருருவாகத் தெரிந்தது. இவ்வாறு விரிக்கும்போது ஒரு தகட்டின் மேல்முகமும் மற்றதன் கீழ்முகமும் வெளிவருவதால், மினுக்கமும் எதிரெதிர்த் திசையாகிவிடுகிறது. வாசலில் நிற்கிறவருக்கு ஒரு கதவு எப்போதும் மற்றதைவிடச் சற்று ஒளி கூடியதாகத் தோன்றும். முன்னொரு காலத்தில் யாரோ வலக்கதவின் ஓரத்தில் சதுரமாக வைத்த ஒட்டு, நிறத்தில் மிகச் சரியாக இருந்தும், இடக்கதவின் மினுக்கத்தைக் கொண்டிருந்தபடியால், அத்தனை ஆண்டுகளாக ஒரு கறையாகவே காட்சியளித்திருக்கிறது.

கொண்டு வந்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. பிறகு கதவைத் திறந்து அதன் உட்புறத்தைத் தட்டிப் பார்த்தார். நல்ல தச்சர்கள் கதவின் ஒரு முகத்தில் மட்டும் தகடு ஒட்டுவதில்லை. ஒருபுறம் மட்டும் ஒட்டினால், அப்புறத்தின் இழுப்பினால் கதவு வளைந்துவிடும். இந்தக் கதவின் உள்முகத்திலும் அதே முதிரை, ஒருவேளை அதே மரம், ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே அடிப்பாகத்திலிருந்து தேவையான அளவை எடுத்து வெளியே பதித்துவிட்டு, உள்ளே வேறு முதிரைத் துண்டால் ஈடுசெய்யலாம் என்றார். ஆனால் அதற்கு வீட்டுக்காரியின் சம்மதம் வேண்டும்.

"உள்ளுக்குள்ள பார்க்கிறது நான் மட்டும்தானே, மகன்," என்றார் பெரியம்மா. "எடுக்கச் சொல்லுங்க."

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியும், அதன் மேல் இஸ்திரிப் பெட்டியின் சூடும் பட்ட சற்று நேரத்தில், எண்பது ஆண்டுகளுக்கு முன் பூசிய வச்சிரம் இளகி, தகடு முழுதாக எழும்பி வந்தது. அன்றே அதை ஒட்டவில்லை. இரு பலகைகளுக்கு நடுவே பாரம் வைத்து, நிழலில் உலரவிட்டு, பிறகு வந்து பதித்தார். கச்சான் உச்சத்திலும் மாரி நடுவிலும் பசை தொடாமல், மாசி பங்குனியில், மரம் நடுநிலையில் இருக்கும்போது மட்டுமே ஒட்டுவது அவருடைய நியமம். நான் பிரயாணத்தை அந்தப் பருவத்துக்கு ஒழுங்கு செய்ததும் அவர் சொல்லித்தான். பொலிஷ் ஏறிய பின் வாசலில் நின்று பார்த்தேன். துண்டின் முனைகள் எங்கே முடிகின்றன என்பதை, அறிந்திருந்த எனக்கே குனிந்து தேட வேண்டியிருந்தது. வலக்கதவின் பழைய சதுர ஒட்டையும் கழற்றி, திசை அறிந்து வேறு துண்டு வைத்தார். பேரப்பிள்ளைகள் புகைப்படம் எடுத்தார்கள். விற்கும் பேச்சு அதோடு நின்றது.

திரும்பும் வழியில், எழுவான்கரையில் சுனாமி கண்ட சில வீடுகளுக்கும் ஓடாவியார் என்னை அழைத்துப் போனார். கடல்நீர் புகுந்த மரத்தின் கதை வேறு. உப்பு உள்ளே தங்கிவிட்டால், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் பலகை முழுதாக உலர்வதில்லை. ஆகவே முதலில் நன்னீரால் மறுபடி மறுபடி கழுவி, பிறகே நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். அப்படிச் செய்தவர்களுடைய அலுமாரிகள் இன்றும் நிற்கின்றன. வெயிலில் போட்டவர்களுடையவை பிளந்து, அடுப்புக்குப் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்தவை மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகைகளாலான அலுமாரிகள். 2011 வெள்ளத்தில் கால் நனைந்ததும் அவை ஊதி, உதிர்ந்து, திருகாணி பிடிக்காமல் போயின. வெள்ளம் மறுபடி மறுபடி வரும் ஒரு தேசத்துக்கு, ஒரு முறை நனைந்தால் முடிந்துபோகும் வஸ்து தகாது. வாங்கும்போது மலிவாக இருப்பது, மூன்றாம் முறை வாங்கும்போது மலிவாக இருப்பதில்லை.

அந்த இளைஞன் இப்போது தகட்டைத் திருப்பிப் பார்த்த பின்பே வெட்டுகிறான் என்று ஓடாவியார் சொன்னார். அவனைப் போன்றவர்களுக்கு வேலை இருக்க வேண்டுமானால், பழுதுபார்க்கத் தக்க பொருள்கள் வீடுகளில் இருக்க வேண்டும். வெனீர் அலுமாரி வைத்திருக்கும் வாசகர்களிடம் ஆகவே இதைக் கேட்டுக்கொள்கிறேன். அதன் கால்களை நிலத்திலிருந்து நாலு விரற்கடையாவது உயர்த்தி வையுங்கள். கொப்பளம் கண்டால் நீங்களாகப் பசை ஊற்றாதீர்கள். உடைந்த பழைய கட்டிலை விறகுக்குக் கொடுக்குமுன் ஒரு தச்சரிடம் காட்டுங்கள். தகட்டில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தால், அது நகமளவே இருந்தாலும், கூட்டி எறிந்துவிடாமல் ஒரு கடித உறையில் இட்டு, எந்தக் கதவிலிருந்து, எந்தப் பக்கம் மேலாக இருந்தபடி விழுந்தது என்று உறையின் மேல் எழுதி, அந்த அலுமாரிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.